ஸ்குவாட் விடாமல் போட்டும் கால் ஏன் ஏறவில்லை?

ஜிம்முக்குப் போய் ஒரு வருடம் ஆகிறது, மார்பும் கையும் ஏறிவிட்டன, கால் மட்டும் அப்படியே இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். வாரத்தில் காலுக்கென்று ஒரே ஒரு நாள், அதாவது லெக் டே. அன்றைக்கு ஸ்குவாட் (எடை மாட்டிய பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது), லெக் பிரஸ் (மெஷினில் உட்கார்ந்து காலால் எடையைத் தள்ளுவது), அவ்வளவுதான். பலமும் வேண்டும், சைஸும் வேண்டும் என்கிறீர்கள்.

இந்த இரண்டு பயிற்சிகளும் ஏறக்குறைய ஒரே வேலையைத்தான் செய்கின்றன. முன்தொடை, உள்தொடை, பிட்டம் மூன்றையும் நன்றாகப் பிடிக்கும். பின்தொடையும் கெண்டைக்காலும் உங்கள் வாரத்தில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. 'ஸ்குவாட் போடு, மொத்தக் காலும் தானாக வளரும்' என்று எல்லா ஜிம்மிலும் ஒருவராவது சொல்வார். அதில் பாதிதான் உண்மை.

பின்தொடைத் தசைகளில் பெரும்பாலானவை இடுப்பையும் முழங்காலையும் சேர்த்துத் தாண்டிப் போகின்றன. ஸ்குவாட்டில் இறங்கும்போது இடுப்பு மடங்குவதால் மேல் பக்கம் அந்தத் தசை இழுபடுகிறது. முழங்காலும் மடங்குவதால் கீழ்ப் பக்கம் தளர்கிறது. மொத்த நீளம் பெரிதாக மாறாது, அதனால் அதற்கு வேலையும் குறைவு. முன்தொடையிலும் இதே கதை உண்டு. அங்கே இருக்கும் நான்கு தசைகளில் மூன்று முழங்காலை மட்டும் நீட்டுபவை. நான்காவதான ரெக்டஸ் ஃபெமோரிஸ் இடுப்பு எலும்பு வரை போகிறது, ஸ்குவாட்டில் அது சும்மா கூடவே வரும். உட்கார்ந்தபடி முழங்காலை நீட்டி எடையைத் தூக்கும் மெஷின்தான் லெக் எக்ஸ்டென்ஷன். 'அது சும்மா விளையாட்டு' என்று கிண்டல் செய்பவர்களை விட்டுத்தள்ளுங்கள், அந்தத் தசைக்கு அந்த மெஷின் வேண்டும்.

பின்தொடைக்கு இரண்டு வேலை கொடுக்க வேண்டும்: இடுப்பை நிமிர்த்துவது ஒன்று, முழங்காலை மடக்குவது ஒன்று. முதலாவதற்கு ரொமேனியன் டெட்லிஃப்ட், அதாவது பாரைக் கையில் பிடித்து நின்றபடி குனிந்து எழுவது. முழங்காலை லேசாக மடக்கி, அந்த மடிப்பை மாற்றாமல் இடுப்பைப் பின்னால் தள்ளிக்கொண்டே போங்கள். பார் தொடையை உரசியபடியே இறங்க வேண்டும். இடுப்பு இனி பின்னால் போகாது என்ற இடம் வரும், பெரும்பாலும் முழங்காலுக்குச் சற்றுக் கீழே. அங்கேயே நிறுத்தி எழுந்துவிடுங்கள். அதற்கும் கீழே பாரைக் கொண்டுபோனால் வளைவது முதுகு, தொடைக்கு அதில் ஒன்றும் இல்லை. இரண்டாவதற்கு லெக் கர்ல், மெஷினில் எடைக்கு எதிராக முழங்காலை மடக்குவது. குப்புறப் படுத்துச் செய்வது, உட்கார்ந்து செய்வது இரண்டு மெஷினும் இருந்தால் உட்கார்ந்து செய்வதையே எடுங்கள். இடுப்பு மடங்கியிருப்பதால் தசை இழுபட்ட நிலையிலேயே வேலை செய்கிறது, வளர்ச்சி அதில் கூடுதல்.

இனி உங்கள் ஸ்குவாட். போனைப் பக்கவாட்டில் வைத்து ஒரு செட்டை (ஓய்வில்லாமல் தொடர்ந்து போடும் ஒரு சுற்று) படம் பிடித்துப் பாருங்கள். பிளேட் (எடைத்தட்டு) ஏற ஏற ஆழம் குறைவது எல்லோருக்கும் நடப்பது, போடுபவருக்கே தெரியாது. தொடை தரைக்கு இணையாக வரும்வரையாவது இறங்க வேண்டும். இன்னும் இறங்க முடிந்தால் பிட்டமும் உள்தொடையும் கூடுதலாக வளரும். குதிகால் தூக்கினால் பெரும்பாலும் கணுக்கால் இறுக்கம்தான் காரணம், இரண்டு சின்ன பிளேட்டைக் குதிகாலுக்குக் கீழே வைத்தால் சரியாகிவிடும். முழங்கால் கால் விரலைத் தாண்டக்கூடாது என்ற விதியை மறந்துவிடுங்கள். தொடை நீளமானவருக்குத் தாண்டாமல் இறங்கவே முடியாது. வம்புக்கு அதைப் பின்னால் பிடித்து வைத்தால் உடம்பு முன்னால் சாய்ந்து, சுமை இடுப்புக்கும் கீழ் முதுகுக்கும் போய்விடும். லெக் பிரஸ்ஸிலும் ஆழம்தான் கணக்கு. இருக்கிற பிளேட்டையெல்லாம் ஏற்றி நான்கு விரற்கடை அசைப்பவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பிட்டம் சீட்டை விட்டுக் கிளம்பும் இடத்துக்குச் சற்று முன்பு வரை இறக்குங்கள், அதற்கேற்ற எடை போதும்.

பலம், சைஸ் இரண்டும் சொந்தக்காரர்கள், ஆனால் ஒன்றல்ல. பலத்தில் பெரும்பங்கு நரம்பு மண்டலத்தின் பழக்கம். ஒரே ஒரு ரெப் (ஒரு முறை இறங்கி ஏறுவது) மட்டும் தூக்க முடிகிற எடையில் 85 சதவீதம் அளவுக்கு ஏற்றி, 3 முதல் 5 ரெப், நடுவில் 3 முதல் 5 நிமிடம் ஓய்வு. ஓய்வைச் சுருக்கினால் அடுத்த செட் வீண். சைஸுக்கு எடை அவ்வளவு முக்கியமில்லை. 6 ரெப்பிலும் வளரும், 25 ரெப்பிலும் வளரும், செட்டின் முடிவில் இன்னும் ஒன்றிரண்டு ரெப்தான் மிச்சம் என்ற நிலைக்கு வர வேண்டும். நடைமுறையில் 25 ரெப் ஸ்குவாட்டில் தொடை சோர்வதற்கு முன்பே மூச்சு வாங்கிவிடும், ஆகவே நீளமான செட்களை மெஷினுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தசைக்கு வாரத்துக்குச் சுமார் 10 கடின செட் நல்ல ஆரம்பம். அதை ஒரே நாளில் திணித்தால் கடைசிச் செட்கள் பேருக்குத்தான் நடக்கும், இரண்டு நாளாகப் பிரியுங்கள். நானாக இருந்தால் முதல் நாள் கனமான ஸ்குவாட் 4 செட் ஐந்தைந்து ரெப், ரொமேனியன் டெட்லிஃப்ட் 3 செட் எட்டெட்டு, லெக் எக்ஸ்டென்ஷன் 3 செட், நின்றபடி குதிகாலைத் தூக்கும் கெண்டைக்கால் பயிற்சி 4 செட் என்று வைப்பேன். இரண்டு மூன்று நாள் கழித்து லெக் பிரஸ் 3 செட் பத்துப் பன்னிரண்டு ரெப், பல்கேரியன் ஸ்ப்ளிட் ஸ்குவாட் (ஒரு காலைப் பின்னால் பெஞ்சில் வைத்து மறுகாலில் ஸ்குவாட்) 2 செட், உட்கார்ந்த லெக் கர்ல் 4 செட், கெண்டைக்கால் மறுபடியும். ஸ்ப்ளிட் ஸ்குவாட் யாருக்கும் பிடிக்காது, எனக்கும்தான். ஆனால் இரண்டு காலுக்கும் பலத்தில் வித்தியாசம் இருந்தால் அது உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

எடையை எப்போது கூட்டுவது? 10 முதல் 12 ரெப் என்று வைத்திருக்கும் பயிற்சியில் எல்லாச் செட்டிலும் 12 வந்துவிட்டதா, அடுத்த முறை கொஞ்சம் ஏற்றி மறுபடி 10-லிருந்து. ஸ்குவாட்டில் 2.5 கிலோ ஏற்றினாலே தாராளம். நோட்டில் எழுதி வையுங்கள், போன வாரம் எத்தனை போட்டோம் என்பது மனதில் நிற்காது.

கெண்டைக்காலைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. அங்கே துள்ளித் துள்ளி முப்பது ரெப் அடிப்பதில் பாதி வேலையைக் குதிகால் தசைநாரே ஸ்பிரிங் மாதிரி செய்துவிடுகிறது. குதிகாலை முழுக்க இறக்கி, அடியில் இரண்டு நொடி நின்று, பிறகு ஏறுங்கள்; பழைய எடையில் பாதிகூட வராது. முழங்கால் நேராக இருந்தால்தான் மேலே புடைத்துத் தெரியும் தசை நன்றாக வேலை செய்யும், மடக்கி உட்கார்ந்தால் பெரும்பாலும் அதற்கு அடியில் இருக்கும் சோலியஸ் என்ற தசைதான். தசை எங்கே முடிந்து நார் எங்கே தொடங்குகிறது என்பது பிறவியிலேயே வந்தது, அதை யாரும் மாற்ற முடியாது. பருமனைக் கூட்டலாம்.

சாப்பாடு: உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.6 கிராம் புரதம், அப்புறம் எடை மெதுவாக ஏறும் அளவுக்குச் சாப்பாடு. மறுநாள் வலி வந்தால்தான் வளர்ச்சி என்பதும் இல்லை. புதுப் பயிற்சி வலிக்கும், பழகினால் வலிக்காது, இரண்டிலும் வளரும். ஆனால் தாங்க முடியாத வலி, வீக்கத்தோடு சிறுநீர் கறுத்துப் போனால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள், தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலை அது.

டேப் வைத்து அளப்பதானால் மாதம் ஒரு முறை, தொடையில் அதே இடத்தில், காலையில் அளந்து பாருங்கள். லெக் டே முடிந்த கையோடு அளந்தால் ரத்தம் ஏறி வீங்கிய கால்தான் கணக்கில் வரும்.