இரண்டாம் டவுனில் கத்துங்கள்

வணக்கம்.

வேலை மாறி கனடாவின் ரெஜைனாவுக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. 2025 லேபர் டே வார இறுதியில் பக்கத்து வீட்டுக்காரர் மொசைக் ஸ்டேடியத்துக்கு அழைத்துப் போனார். சஸ்காட்செவன் ரஃப்ரைடர்ஸுக்கும் வினிபெக் ப்ளூ பாம்பர்ஸுக்கும் கனடிய ஃபுட்பால் ஆட்டம். விதிகள் அரைகுறையாகத்தான் புரிந்தன, ஆனால் கூட்டம் என்னைக் கட்டிப்போட்டுவிட்டது. இந்த முறை சீசன் டிக்கெட்டே வாங்கிவிட்டேன்.

சில சந்தேகங்கள். நம் அணியிடம் பந்து இருக்கும்போது எல்லாரும் வாயை மூடிக்கொள்கிறார்கள், எதிரணியிடம் போனதும் காது கிழியக் கத்துகிறார்கள். கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவனுக்கு இது தலைகீழாக இருக்கிறது. டிவியில் பார்த்த ஒரு ஆட்டத்தில் கோலைத் தவறவிட்ட அணிக்கு ஒரு புள்ளி கொடுத்தார்கள். ஏன்? கடைசியாக, ரசிகர்கள் தலையில் மாட்டிக்கொள்ளும் அந்தத் தர்பூசணித் தொப்பியை எப்படிச் செய்கிறார்கள்?

எஸ்., ரெஜைனா

*

அன்புள்ள எஸ்.,

முதலில் அந்த அமைதியைப் பற்றி. கனடிய ஃபுட்பாலில் பந்தை வைத்திருக்கும் அணியின் ரிசீவர்கள், அதாவது எறியும் பந்தைப் பிடிப்பவர்கள், பந்து கிளம்புவதற்கு முன்பே பின்னாலிருந்து பந்து இருக்கும் கோட்டை நோக்கி முழு வேகத்தில் ஓடி வரலாம். அமெரிக்க ஆட்டத்தில் இதற்கு அனுமதி கிடையாது. ஓடி வருகிறவர் கோட்டைத் தொடும் நொடியும் நடுவில் நிற்கும் சென்டர் பந்தைப் பின்னால் கொடுக்கும் நொடியும் ஒன்றாக இருக்க வேண்டும். கொஞ்சம் முந்தினாலும் நடுவரின் கொடி விழும், தண்டனையாக ஐந்து யார்டு போகும். அந்த நொடியை எல்லாருக்கும் தெரிவிப்பது, பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக்கின் குரல். முப்பதாயிரம் பேர் கத்தும்போது அந்தக் குரல் அவரைக் காக்க ஓரத்தில் நிற்கும் அவர் அணி ஆளுக்குக்கூட எட்டாது. அந்த ஆள் தலையைத் திருப்பிப் பந்தைப் பார்த்துக் கிளம்ப வேண்டியிருக்கும். அதில் அவருடைய முதல் அடி தாமதமாகும், நம் ஆள் அவரைச் சுற்றிக்கொண்டு குவாட்டர்பேக்கிடம் போய்விடுவார். நம் அணி ஆடும்போது அதே குரல் நம் ஆட்களுக்குக் கேட்க வேண்டும். வாயை மூடிக்கொள்வது அதற்காகத்தான்.

ஆனால் எதிரணி பந்தை வைத்திருக்கும் நேரம் முழுக்கக் கத்தினால் இரண்டாம் குவார்ட்டரிலேயே தொண்டை போய்விடும். பழுத்த ரசிகர்கள் இரண்டாம் டவுனுக்காகக் குரலைச் சேமிப்பார்கள். இங்கே பத்து யார்டு முன்னேற மூன்றே வாய்ப்புகள், ஒவ்வொன்றும் ஒரு டவுன். மூன்றாவதில் பெரும்பாலும் பந்தை உதைத்துக் கொடுத்துவிடுவார்கள், அதனால் கையில் இருப்பது உண்மையில் இரண்டுதான். முதல் டவுனில் இரண்டு மூன்று யார்டு மட்டும் கிடைத்தால் இரண்டாம் டவுனில் அநேகமாகப் பாஸ்தான் (பந்தை முன்னால் எறிவது), அது எல்லாருக்கும் தெரியும். எழுந்து நிற்க வேண்டிய நேரம் அது. அவர்கள் ஒன்றுகூடிப் பேசிவிட்டுக் கலையும்போது தொடங்கி, பந்து கைமாறும்வரை விடாதீர்கள். மூன்றாம் டவுனில் ஒரே யார்டு தேவை என்றால் கத்துவதால் பெரிய பலன் இல்லை. தற்காப்பு வரிசை பந்திலிருந்து ஒரு யார்டு தள்ளித்தான் நிற்க வேண்டும் என்பது விதி. குவாட்டர்பேக் குனிந்து முட்டிக்கொண்டு போனாலே அந்த ஒரு யார்டு கிடைத்துவிடும்.

ஒவ்வொரு பாதியிலும் கடைசி மூன்று நிமிடம் தனிக் கணக்கு. ஒவ்வொரு டவுனுக்குப் பிறகும் கடிகாரம் நிற்கும், அதனால் பத்துப் புள்ளி முன்னிலைகூட நிம்மதி தராது. பார்க்கிங்கில் நெரிசல் என்று அப்போது கிளம்பிவிடாதீர்கள். 2025 நவம்பரில் இதே மைதானத்தில் மேற்குப் பிரிவு இறுதி ஆட்டத்தில் ரைடர்ஸ் பிரிட்டிஷ் கொலம்பியா அணியை 24–21 என்று வென்றது கடைசி நிமிடத்தில் அடித்த டச்டவுனால்தான்.

ஒரு புள்ளி விவகாரத்துக்கு ரூஜ் என்று பெயர். உதைத்த பந்து மைதானத்தின் கோடியில் இருக்கும் எண்ட் சோனுக்குள் போய், எதிரணி அதை வெளியே கொண்டுவர முடியாமல் போனால் ஒரு புள்ளி. நீங்கள் பார்த்தது பழைய விதி: பந்து யார் கையிலும் படாமல் எண்ட் சோனைத் தாண்டிப் போனாலும் புள்ளி உண்டு. 2025 செப்டம்பரில் கனடிய ஃபுட்பால் லீக் அறிவித்த மாற்றத்தின்படி 2026 முதல் அது கிடையாது. பந்தை எடுக்க வாய்ப்பிருந்தும் எண்ட் சோனுக்குள்ளேயே மண்டியிட்டாலோ மடக்கப்பட்டாலோதான் புள்ளி. இந்தத் திருத்தம் எனக்குச் சரியாகவே படுகிறது. குறி தவறிய உதைக்குச் சும்மா புள்ளி கொடுப்பதைவிட, பந்தைப் பிடித்தவர் ஓடுவதா மண்டியிடுவதா என்று தவிக்கும் அந்த இரண்டு நொடிதான் பார்க்க வேண்டியது. ஆனால் 2027 முதல் மைதானத்தை 110 யார்டிலிருந்து 100 ஆகக் குறைப்பதும், 20 யார்டு எண்ட் சோனை 15 ஆக்குவதும், கோல் கம்பத்தைக் கோட்டிலிருந்து பின்னால் தள்ளுவதும் எனக்கு வருத்தம் தருகின்றன. ஆழமான எண்ட் சோன்தான் ரூஜுக்கே இடம் கொடுக்கிறது. இந்த அளவில் ஆடும் கடைசி சீசனுக்கு டிக்கெட் வாங்கியிருக்கிறீர்கள், நன்றாகப் பார்த்து வையுங்கள்.

பன்ட் நேரத்தில், அதாவது பந்தை உதைத்துக் கொடுக்கும்போது, ஹாட் டாக் வாங்கக் கிளம்பாதீர்கள். பிடிக்கிறவர் கையைத் தூக்கித் தன்னைத் தொடக்கூடாது என்று கேட்கும் வசதி இங்கே இல்லை. அவர் பந்தைத் தொடும்வரை எதிராளிகள் ஐந்து யார்டு வட்டத்துக்கு வெளியே நிற்க வேண்டும், அவ்வளவுதான். தொட்ட மறுகணம் பாய்ந்துவிடுவார்கள். பந்தை உதைக்கும் முன் கோல் கம்பத்தின் உச்சியில் இருக்கும் ரிப்பனைப் பாருங்கள். புல்வெளிச் சமவெளிக் காற்றில் ஒரே கால், ஒரே உதை, இரண்டு திசைக்கு இரண்டு தூரம். நான்காம் குவார்ட்டரில் காற்று யார் பக்கம் என்பதை ஆட்டம் தொடங்கும்போதே மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

உங்களைச் சுற்றி இருக்கிறவர்கள் தங்களைப் பதின்மூன்றாம் ஆள் என்று சொல்லிக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். களத்தில் பன்னிரண்டு பேர், ரசிகர் பதின்மூன்றாவது. லீக்கின் பட்டத்துக்கான 2009 கிரே கோப்பை இறுதியில், கல்கரியில், மாண்ட்ரியால் அணி கடைசி உதையை 43 யார்டிலிருந்து தவறவிட்டது. ரைடர்ஸ் ஜெயித்தாகிவிட்டது. ஆனால் அந்த நேரம் ரைடர்ஸ் பக்கம் களத்தில் நின்றது பதின்மூன்று பேர். பத்து யார்டு தண்டனை, மறு உதை, 28–27 என்று கோப்பை மாண்ட்ரியாலுக்கு. பழைய ரசிகர்களிடம் அதை வேடிக்கையாகப் பேசாதீர்கள். 2013இல் சொந்த ஊரிலேயே ஹாமில்டனை 45–23 என்று வென்று கோப்பையை எடுத்தார்கள். அடுத்தது 2025இல், பரம எதிரியான வினிபெக்கின் மைதானத்தில், அதே மாண்ட்ரியாலை 25–17 என்று வென்றபோது. 2009 காயம் ஆறியது அன்றைக்குத்தான் என்பேன்.

இனி தர்பூசணி. பெரிதாக இருந்தால் போதாது, சுற்றளவு முக்கியம். தையல் டேப் எடுத்துத் தலையைப் புருவத்துக்கு மேலாக அளந்துகொள்ளுங்கள். 57 சென்டிமீட்டர் என்றால், பழத்தின் நடுச்சுற்று 67, 68 இருக்க வேண்டும். கொஞ்சம் நீளவாக்கில் இருக்கும் விதையில்லாப் பழம் நல்லது. ஒரு முனையிலிருந்து மூன்றில் ஒரு பங்கை நேராக வெட்டி எடுத்துவிட்டு, கனமான கரண்டியால் சிவப்பு முழுவதையும் சுரண்டுங்கள். வெள்ளைப் பகுதியில் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக விடுங்கள். அதற்கும் மெல்லியதாகச் சுரண்டினால் நெற்றிப் பொட்டுக்கு நேராகத்தான் முதலில் கீறல் விழும், பாதி ஆட்டத்தில் இரண்டாகப் பிளந்துவிடும். முகத்துக்கான திறப்பை மார்க்கரால் வரைந்த பிறகே வெட்டுங்கள். மூலைகளை வளைவாக விடுங்கள், கூர் மூலையிலிருந்துதான் வெடிப்பு ஓடும். காதுப் பக்கம் இறக்கமாக இருக்கட்டும்.

உள்பக்கத்தைப் பேப்பர் டவலால் ஒற்றி எடுத்துவிட்டு, கவிழ்த்து வைத்து ஒரு மணி நேரம் வடிய விடுங்கள். இதைத் தவிர்த்தால் சாறு கழுத்தில் இறங்கும், ஆகஸ்ட் கடைசியில் குளவி தேடி வரும். தலைக்கு ஷவர் கேப் போட்டுக்கொண்டு அதன் மேல் அணியுங்கள். முந்தைய இரவே செய்வதானால் பிளாஸ்டிக் உறையில் சுற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள், வெளியே வைத்தால் புளித்துவிடும். சுரண்டிய பழத்தை வெட்டி டப்பாவில் போட்டு மைதான வாசலுக்கு வெளியே பக்கத்து வீட்டுக்காரரோடு சாப்பிட்டுவிடுங்கள்.

அக்டோபர் பாதிக்கு மேல் தர்பூசணியை மறந்துவிட்டுப் பச்சைக் கம்பளித் தொப்பிக்கு மாறுங்கள். உடம்பை ஒட்டிப் பருத்தி வேண்டாம், வியர்வையைப் பிடித்துவைத்துக் குளிரூட்டும். குளிர் முதலில் ஏறுவது பாதத்தில், கான்கிரீட் வழியாக. ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்துக் காலடியில் போடுங்கள். இரண்டு சாக்ஸ் போடுவதானால் பூட்ஸ் ஒரு அளவு பெரிதாக இருக்க வேண்டும், இறுகினால் ரத்த ஓட்டம் குறைந்து இன்னும் குளிரும். தடித்த கையுறை போட்டுக் கைதட்டினால் சத்தமே வராது, காலால் தட்டுங்கள்.

எந்த வரிசையில் டிக்கெட் என்று எழுதவில்லை. மேல் வரிசை என்றால் கவலை வேண்டாம், ரிசீவர்கள் ஓடி வரும் கோடுகள் முழுதாகத் தெரிவது அங்கிருந்துதான். கீழ் வரிசை என்றால், எதிரணி உங்கள் பக்க எண்ட் சோனை நோக்கி வரும் குவார்ட்டர்களில் உங்கள் தொண்டைக்கு வேலை அதிகம்.