பள்ளித் திட்டத்தை விரிவாக்க அரசு மானியம்: விண்ணப்பத்தில் எது எடுபடும்?

மூன்று பள்ளிகளில் நன்றாக நடக்கும் வாசிப்புத் திட்டத்தை முப்பது பள்ளிகளுக்குக் கொண்டுபோக மானியம் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கிடைக்கலாம். ஆனால் கையில் இருக்கும் சான்றுக்கு ஏற்ற பிரிவில் கேளுங்கள்.

உதாரணமாக, அமெரிக்கக் கல்வித் துறை 2010-இல் நடத்திய 'ஐ3' (Investing in Innovation) என்ற கல்வி மானியப் போட்டியில் 65 கோடி டாலருக்குச் சுமார் 1,700 விண்ணப்பங்கள் வந்தன, தேர்வானவை 49. புது யோசனைக்கு அதிகபட்சம் 50 லட்சம் டாலர், ஓரளவு சான்று இருந்தால் 3 கோடி, வலுவான சான்றுக்கு 5 கோடி. "பிள்ளைகள் ஆசையாகப் படிக்கிறார்கள்" என்பது மனதுக்கு நிறைவு. ஆனால் மதிப்பீட்டாளருக்கு அது போதாது. அதே நிலையில் தொடங்கி, திட்டத்தில் சேராத மாணவர்களின் மதிப்பெண்ணையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். இந்த ஒரு அட்டவணைக்காக ஒரு வருடம் காத்திருந்து விண்ணப்பித்தாலும் தவறில்லை என்பேன்.

அப்புறம், விரிவாக்கம் என்றால் ஆள் வேண்டும். பத்துப் பள்ளிக்கு ஒரு பயிற்சியாளர், மாதம் இரண்டு முறை வகுப்பறைக்கு வருவார் என்று எழுதினால் நம்பிக்கை வரும். "ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்கப்படும்" என்று மட்டும் எழுதினால் வராது.

மானியத்தோடு நீங்கள் திரட்ட வேண்டிய பங்கு எவ்வளவு என்பதை முதலிலேயே பாருங்கள். ஐ3-இல் மானியத்தில் 20 சதவீதத்துக்கு இணையான தொகையைத் தனியாரிடம் திரட்ட வேண்டியிருந்தது.