சேய் அட்டவணைக்கு இன்டெக்ஸ் ஏன் இறங்குவதில்லை?

கேள்வி: போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ‘கோப்பு’ என்ற தாய் அட்டவணையை உருவாக்கி, அதன் ‘எண்’ நெடுவரிசையைப் பிரைமரி கீ (ஒவ்வொரு பதிவையும் தனித்துக் காட்டும், மீண்டும் வரக்கூடாத மதிப்பு) ஆக்கினேன். ‘கடிதம்’, ‘ரசீது’ இரண்டும் மரபுரிமை (இன்ஹெரிட்டன்ஸ்) முறையில் அதன் அமைப்பைப் பெறும் சேய் அட்டவணைகள். இருந்தும் ஒரே எண் இரண்டிலும் பதிவாகிவிட்டது. இது மென்பொருளின் பிழையா? மதிப்பை விரைவாகத் தேடவும், அது இருமுறை வராமல் தடுக்கவும் உதவும் பட்டியலான இன்டெக்ஸும் தாயிடமிருந்து இறங்க வேண்டாமா?

பதில்: பிழையன்று, கையேட்டிலேயே சொல்லப்பட்டிருக்கும் வரம்புதான். நெடுவரிசைகளும், செக் (மதிப்பு ஒரு நிபந்தனைக்கு உட்பட வேண்டும்), நாட் நல் (மதிப்பு வெறுமையாக இருக்கக்கூடாது) கட்டுப்பாடுகளும் சேய்க்கு இறங்கும். இன்டெக்ஸ், யுனீக் (ஒரே மதிப்பு இருமுறை வரக்கூடாது), பிரைமரி கீ, ஃபாரின் கீ (மதிப்பு வேறோர் அட்டவணையிலும் இருக்க வேண்டும்) ஆகியவை இறங்கா. இன்டெக்ஸில் உள்ள ஒவ்வொரு குறிப்பும், பதிவு (வரிசை) அட்டவணைக் கோப்பின் எந்தப் பக்கத்தில் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. எந்த அட்டவணை என்று சொல்வதில்லை, ஏனெனில் ஓர் இன்டெக்ஸ் ஓர் அட்டவணைக்கே உரியது.

தேடலை விரைவாக்கும் சாதாரண இன்டெக்ஸைத் தானாகவே சேய்களுக்கும் படியெடுத்துத் தந்திருக்கலாம் என்பது என் கருத்து. அதனால் தரவின் சரித்தன்மை கெடாது. யுனீக் இன்டெக்ஸின் நிலை வேறு. அதைப் படியெடுத்தால் ஒவ்வோர் அட்டவணைக்குள்ளும் எண் தனித்திருக்குமே தவிர, உங்களுக்கு நேர்ந்தது போல இரண்டு அட்டவணைகளுக்கு இடையே மோதுவதை அது தடுக்காது. காவல் இருப்பதாக நம்பவைத்துவிட்டுக் காக்காமல் இருப்பது, காவலே இல்லாததைவிட மோசம். எல்லா அட்டவணைகளுக்கும் பொதுவாக ஒரே இன்டெக்ஸ் வைப்பதென்றால், குறிப்புதோறும் அட்டவணையின் அடையாளத்தையும் சேர்க்க வேண்டும். ஒரு சேய் அட்டவணையை நீக்கும்போது அதன் குறிப்புகளையெல்லாம் தேடித் துடைக்கவும் வேண்டும்.

2018இல் வந்த போஸ்ட்கிரெஸ் 11ஆம் பதிப்பு, மதிப்பின்படி பல துண்டுகளாகப் பிரித்து வைக்கும் பார்ட்டிஷன் அட்டவணைகளுக்கு யுனீக் இன்டெக்ஸை இறங்கச் செய்தது. ஆனால் பார்ட்டிஷனைத் தீர்மானிக்கும் நெடுவரிசைகள் அந்த யுனீக்கில் இடம்பெற வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. எந்த மதிப்பு எங்கே போகும் என்று முன்கூட்டியே தெரிவதால்தான் அங்கே இது இயல்கிறது. மரபுரிமையில் அப்படியொரு விதி கிடையாது.

உங்கள் தேவைக்கு, எண்ணைப் பிரைமரி கீயாகவும் அதனுடன் ‘வகை’யையும் கொண்ட தனி அட்டவணை ஒன்றை வைத்து, எண், வகை இரண்டையும் சேர்த்து அதில் ஒரு யுனீக் அமையுங்கள். ஒவ்வொரு சேயிலும் எண்ணைப் பிரைமரி கீயாக்கி, வகையை நாட் நல், செக் இரண்டாலும் ஒரே மதிப்பில் நிறுத்தி, இரண்டையும் இணைத்து ஃபாரின் கீயால் அந்த யுனீக்குடன் கட்டுங்கள். ஒரே எண் கடிதமாகவும் ரசீதாகவும் இருக்க அப்போது வழியில்லை. பதிவு சேரும்போது தானாக இயங்கும் நிரலான டிரிக்கரால் சோதிப்பது போதாது. ஒரே நேரத்தில் நடக்கும் இரண்டு பரிவர்த்தனைகள், பூட்டு ஏதும் போடாவிட்டால், ஒன்று சேர்த்ததை மற்றது பார்க்காமலேயே முடிந்துவிடக்கூடும்.