சிறுநீரகக் கல்லை இறக்கும் மாத்திரை: மலைவாசிகளின் கேள்விகளும் பதில்களும்

குன்னூரிலிருந்து ஒரு பெண்: சிறுநீர்க்குழாயின் அடியில் 6 மி.மீ. கல் என்று டாம்சுலோசின் கொடுத்தார்கள். மாமனார் பிராஸ்டேட்டுக்குச் சாப்பிடுவதும் அதேதான். மாத்திரை மாறிவிட்டதா டாக்டர்?

மாறவில்லை அம்மா. உங்கள் மாமனாருக்குச் சிறுநீர்ப்பை வாயில் இறுகியிருக்கும் தசையை அது தளர்த்துகிறது. சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் சிறுநீர்க்குழாயின் கீழ்ப்பகுதித் தசையும் அதே மருந்துக்குக் கட்டுப்படும். கல் சிக்கியதும் குழாய் அதை இறுக்கிப் பிடிக்கும். மாத்திரை பிடியை விடவைக்கிறது. கல் கரையவும் செய்யாது, உடையவும் செய்யாது. தினம் 0.4 மி.கி., ஒரே ஒரு மாத்திரை.

ஊட்டியிலிருந்து: எனக்கு 4 மி.மீ. கல். வலி மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நண்பருக்கு மட்டும் அந்த மாத்திரை. ஏன் இந்தப் பாகுபாடு?

உங்கள் டாக்டர் சரியாகத்தான் செய்திருக்கிறார். பிரிட்டனில் 1,100-க்கும் மேற்பட்டவர்களை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு டாம்சுலோசின், இன்னொன்றுக்கு நிஃபெடிபின் என்ற ரத்த அழுத்த மாத்திரை, மூன்றாவதற்கு வெறும் மாவு மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். 2015-இல் வெளியான முடிவு: மூன்றிலும் பத்தில் எட்டுப் பேருக்கு நாலு வாரத்தில் வேறு சிகிச்சை தேவைப்படவில்லை. அதோடு இந்த மருந்தின் கதை முடிந்தது என்றுதான் பலரும் நினைத்தார்கள். அப்புறம் சீனாவில் 3,000-க்கும் மேற்பட்டவர்களிடம், அடிக்குழாய்க் கல்லை மட்டும் எடுத்துச் சோதித்தார்கள். 5 மி.மீ.க்கு மேற்பட்ட கல்லுக்குப் பலன் தெரிந்தது, சின்னக் கல்லுக்கு இல்லை. சின்னக் கல் தானாகவே இறங்கிவிடுவதால் மருந்துக்கு அங்கே வேலையில்லை. 5 முதல் 10 மி.மீ. வரை, அதுவும் அடிக்குழாயில் என்றால் நான் எழுதுவேன். சிறுநீரகத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் கல்லுக்கு எழுதமாட்டேன்.

கல்லட்டி சாலையில் ஜீப் ஓட்டுபவர்: மாத்திரை போட்டுக்கொண்டு வண்டி ஓட்டலாமா சார்?

முதல் சில நாள் வேண்டாம். ரத்த அழுத்தம் இறங்கி, எழுந்து நிற்கும்போது கிறுகிறுக்கலாம். 36 கொண்டை ஊசி வளைவில் அதைப் பரிசோதிக்க வேண்டாமே. இரவு சாப்பாட்டுக்குப் பின் போடுங்கள். ஆண்களுக்கு விந்து வெளிவராமல் போகலாம். மருந்தை நிறுத்தினால் சரியாகிவிடும், பயப்பட வேண்டியதில்லை.

கூடலூரிலிருந்து: அம்மாவுக்கு அடுத்த மாதம் கண்புரை ஆபரேஷன். கல்லுக்கு இதே மாத்திரை சாப்பிடுகிறார்.

கண் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஆபரேஷனின்போது கண்மணி சரியாக விரியாமல் போகலாம். நிறுத்திய பிறகும் அந்த விளைவு இருக்கலாம்.

கோத்தகிரியிலிருந்து: கணவருக்குக் கல் வலியோடு நேற்றிலிருந்து குளிர்காய்ச்சல். பனிக்காலம்தானே என்று கஷாயம் கொடுத்தேன்.

இதைப் படித்த கையோடு 108-ஐ அழையுங்கள். அடைத்த சிறுநீரகத்தில் சீழ் பிடித்தால் சில மணி நேரத்தில் ரத்தத்தில் பரவி உயிருக்கே ஆபத்தாகும். அப்போது எந்த மாத்திரையும் கல்லை இறக்கிக் காப்பாற்றாது; உள்ளே ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாய் வைத்தோ, முதுகுப்பக்கம் குழாய் போட்டோ சிறுநீரை வெளியேற்ற வேண்டும். ஒற்றைச் சிறுநீரகம் உள்ளவர்கள், சிறுநீரே வராதவர்கள், வாந்தியில் எதுவும் தங்காதவர்கள் ஆகியோருக்கும் இதே அவசரம்தான். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

குந்தாவிலிருந்து: வாழைத்தண்டுச் சாறு குடித்தால் கரையுமா?

குடியுங்கள், தண்ணீராவது உள்ளே போகும். கால்சியம் கல் எதிலும் கரையாது. யூரிக் அமிலக் கல் மட்டும் பொட்டாசியம் சிட்ரேட் என்ற மருந்துக்குக் கரையும், அதையும் டாக்டர் பார்த்துத்தான் தரவேண்டும். இங்கே குளிரில் தாகமே எடுக்காது; தோட்டத்தில் நாள் முழுக்க நின்றுவிட்டு இரண்டு டம்ளர் டீயோடு சமாளிப்பவர்கள் அதிகம். தினமும் இரண்டரை லிட்டர் சிறுநீர் போகிற அளவுக்குக் குடித்தால் அடுத்த கல்லைத் தவிர்க்கலாம். ஆனால் வலி உச்சத்தில் இருக்கும்போது குடம் குடமாகக் குடிப்பதால் கல் இறங்காது, வலிதான் ஏறும்.

ஊட்டியிலிருந்து மீண்டும்: இரண்டு நாளாக வலியே இல்லை. கல் விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. அடைத்தபடியே கல் இருந்து வலி மட்டும் அடங்குவதும் உண்டு. அப்படிச் சத்தமில்லாமல் சிறுநீரகம் கெட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பழைய டீ வடிகட்டி ஒன்றில் சிறுநீரை வடித்து, கல்லைப் பிடித்தால் பரிசோதனைக்குக் கொடுங்கள். கிடைக்காவிட்டால் மறுபடி ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். நாலு முதல் ஆறு வாரத்துக்குள் இறங்காத கல்லுக்கு, இனி மாத்திரையை நம்பாமல் யூராலஜி டாக்டரிடம் தேதி வாங்குங்கள்.