பால் போதவில்லை என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

கேள்வி: எனக்குக் குழந்தை பிறந்து 18 நாட்கள் ஆகின்றன. முதல் வாரத்தில் கனத்துக் கட்டிக்கொண்டிருந்த மார்பு இப்போது தளர்ந்துவிட்டது. பாலூட்டியபின் பம்ப் வைத்து எடுத்தால் 30 மில்லிதான் வருகிறது. மாலையானால் குழந்தை விடாமல் பால் கேட்டு அழுகிறாள். பவுடர் பாலும் சேர்த்துக் கொடுக்கும்படி வீட்டில் வற்புறுத்துகிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: நீங்கள் சொல்லும் மூன்றில் எதுவும் பால் குறைந்ததற்கு அடையாளம் அல்ல. முதல் வாரத்தில் மார்பு கனப்பதற்குப் பால் மட்டுமன்றி, அங்கே கூடுதலாகப் பாயும் இரத்தமும் நிணநீரும் காரணம். குழந்தையின் தேவைக்கேற்பச் சுரப்பு ஒழுங்குபட்டதும் அந்தக் கனம் தானாகவே இறங்கிவிடும். குழந்தை குடித்து முடித்த பிறகும் 30 மில்லி வருகிறது என்றால் அது நல்ல செய்தி. மாலையில் அடுத்தடுத்துக் கேட்பதும் இந்த வயதில் இயல்பே. நாளொன்றுக்கு 8 முதல் 12 முறை குடிக்கும் குழந்தை, சீரான இடைவெளியில்தான் குடிக்க வேண்டும் என்பதில்லை.

பால் போதுகிறதா என்பதைக் குழந்தையிடம்தான் பார்க்க வேண்டும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளில் குறைந்தது 6 முறையாவது வெளிர்நிறச் சிறுநீர் கழிக்கிறாளா, குடிக்கும்போது விழுங்கும் ஒலி கேட்கிறதா என்று கவனியுங்கள். பிறந்த சில நாட்களில் சற்றுக் குறையும் எடை, பொதுவாக இரண்டு வாரத்திற்குள் பிறந்தபோதிருந்த அளவுக்குத் திரும்பிவிடும். இன்னும் எடை பார்க்கவில்லையென்றால் இந்த வாரமே பாருங்கள். எழுப்பினாலும் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ, வாய் உலர்ந்து சிறுநீர் அடர்நிறமாக இருந்தாலோ அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இவையெல்லாம் சரியாக இருக்கும்போது பவுடர் பால் சேர்த்தால் நடப்பது வேறு. மார்பில் பால் தேங்கினால் உடல் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். காலியானால் மீண்டும் சுரக்கும். புட்டிப்பால் குடித்து நெடுநேரம் உறங்கும் குழந்தை மார்பில் குடிப்பது குறைகிறது. வீண் பயமாக இருந்த பற்றாக்குறை சில நாட்களில் உண்மையாகிவிடுகிறது. என்னிடம் வரும் தாய்மார்களில் பலர் இந்தச் சுழலுக்குள் சிக்கிய பிறகே வருகிறார்கள் என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

எடை உண்மையிலேயே ஏறவில்லை என்றால் முதலில் குழந்தை மார்பைப் பற்றும் விதத்தைச் சரிசெய்ய வேண்டும். வாய் அகலத் திறந்து, கீழுதடு வெளியே மடிந்து, தாடை மார்பைத் தொட்டபடி, காம்போடு அதைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் பெரும்பகுதியும் வாய்க்குள் இருக்க வேண்டும். காம்பு தொடர்ந்து வலித்தால் பெரும்பாலும் பற்றியது சரியில்லை என்று பொருள். அதன் பிறகும் தேவைப்பட்டு மருத்துவர் பவுடர் பால் சொன்னால் குற்ற உணர்ச்சியின்றிக் கொடுங்கள். குழந்தையின் பசி தீர்வதே முதன்மை.

கேள்வி: நான் மகப்பேறு வார்டில் செவிலியர். எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் தாய்மார்கள் தலையசைத்துவிட்டு, வீட்டுக்குப் போனதும் புட்டியை எடுத்துவிடுகிறார்கள். எப்படித்தான் சொல்வது?

பதில்: சொல்வதைக் குறைத்துப் பாருங்கள். “பால் கொடுக்கிறீர்களா?” என்று கேட்டால் “ஆம்” என்ற ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துவிடும், “பால் கொடுப்பது எப்படி இருக்கிறது?” என்று கேட்டால் வலியும் தூக்கமின்மையும் மாமியாரின் கவலையும் வெளியே வரும். ஒருமுறை பாலூட்டுவதை முழுமையாகப் பார்த்துவிட்டு, சரியாகச் செய்வதை முதலில் சொல்லி, மாற்ற வேண்டியதில் ஒன்றை மட்டும் சொல்லுங்கள். வீட்டில் முடிவெடுப்பவர் பாட்டி என்றால் அவரையும் அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். அவரை மறுத்துப் பேசினால் அந்த இளம்பெண்தான் இடையில் மாட்டிக்கொள்வாள். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் தாய்ப்பாலூட்டல் வெற்றிபெற மருத்துவமனைகளுக்கென்று 1989-இல் வகுத்த பத்துப் படிகளில் கடைசிப் படியே, வீடு திரும்பிய பிறகும் தாய்க்கு உதவி கிடைக்கச் செய்வதுதான். ஆகவே யாரை, எந்த நாளில் பார்க்கலாம் என்பதை எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.

கேள்வி: நான்கு மாதக் குழந்தைக்கு வெயில் காலத்தில் தண்ணீர் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். தாய்ப்பாலில் 87 விழுக்காடு தண்ணீர்தான். கூடுதலாக இரண்டு முறை பாலூட்டுங்கள். ஆறு மாதம் நிறைந்து மற்ற உணவு தொடங்கும்போது தண்ணீரும் தரலாம். தேன் மட்டும் ஒரு வயது முடியும்வரை கூடாது.