மே வெஸ்ட்: 1933-இலிருந்து தொடங்குங்கள்

ஹாலிவுட் நடிகை மே வெஸ்டின் 'பெல் ஆஃப் தி நைன்டீஸ்' படத்தைப் பார்த்துவிட்டு, இவரையா துணிச்சல்காரி என்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். தங்கள் ஏமாற்றம் நியாயமானதே. 1934-இன் நடுவில் ஹாலிவுட்டின் தணிக்கை விதிகள் கடுமையாக நடைமுறைக்கு வந்தபோது, அப்படத்தின் தலைப்பு உட்படப் பலவும் மாற்றப்பட்டன. ஆகவே, 1928-இல் அவரே எழுதி நடித்த 'டைமண்ட் லில்' நாடகத்திலிருந்து உருவாகி, 1933-இல் பாரமவுண்ட் நிறுவனம் வெளியிட்ட 'ஷி டன் ஹிம் ராங்' படத்தை முதலில் பாருங்கள். 66 நிமிடங்களே ஓடும் அப்படத்தில், 1890-களின் நியூயார்க் மதுக்கூடப் பாடகியாக வரும் அவர், நடிகர் கேரி கிராண்டை ஏற இறங்கப் பார்த்து, இழுத்து இழுத்துப் பேசும் வரிகளில் எல்லாம் இரண்டாம் பொருளை ஒளித்துவைக்கிறார். கதை மெலிந்ததுதான், அதைப் பொருட்படுத்த வேண்டாம். அதே ஆண்டின் 'ஐ ஆம் நோ ஏஞ்சல்' படத்தில், தம் வழக்கில் தாமே சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யும் நீதிமன்றக் காட்சியையும் தவறவிடாதீர்கள்.