மாஸ்டர்ஸ் படிக்கப் பணம்: முதலில் பேராசிரியரைப் பிடியுங்கள்

கேள்வி: நான் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்தவள். வேதியியலில் பட்டம் முடித்து, ஈப்போ பக்கம் ஒரு கையுறைத் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் இரண்டு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். சம்பளம் 2,300 வெள்ளி. அப்பா பால்மரம் வெட்டி ஓய்வு பெற்றவர். அம்மா இன்னும் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கப் போகிறார். அரசாங்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் பாடமுறை மாஸ்டர்ஸ் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. கட்டணம் ஏறக்குறைய 15,000 வெள்ளி ஆகும் என்கிறார்கள். பிடிபிடிஎன் என்ற அரசாங்கக் கல்விக் கடனும் பாக்கி இருக்கிறது. உபகாரச் சம்பளத்துக்கு எங்கே மனு செய்வது? 500 வெள்ளி கொடுத்தால் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார், நம்பலாமா?

பதில்: அந்த 500 வெள்ளியைக் கொடுக்காதீர்கள். உபகாரச் சம்பள மனு பல்கலைக்கழகத்துக்கோ அறவாரியத்துக்கோ நேராகப் போவது. இடையில் ஆளுக்கு வேலையே இல்லை. ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால் உடனே 997-க்கு அழையுங்கள். இணைய மோசடிப் புகார்களைக் கவனிக்கும் தேசிய மையத்தின் எண் அது.

இனி படிப்புக்கு வருவோம். நீங்கள் எடுத்திருப்பது பாடமுறை மாஸ்டர்ஸ். சிக்கல் அங்கேதான். நம் நாட்டில் மாஸ்டர்ஸ், பிஎச்டி மாணவர்கள் கைக்கு மாதாமாதம் வரும் பணத்தில் நல்ல பங்கு விரிவுரையாளர்களின் ஆராய்ச்சி மானியத்திலிருந்து வருகிறது. வகுப்புக்குப் போய்ப் பரீட்சை எழுதும் மாணவருக்கு அதில் இடமில்லை. ஆராய்ச்சிமுறையில் சேர்ந்தால், கட்டணத்துக்கு அலைகிற நீங்களே மாதப் படி வாங்கலாம்.

மானியம் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் யாரிடம் கேட்பது என்பதும் தெரிந்துவிடும். உயர்கல்வி அமைச்சின் எஃப்ஆர்ஜிஎஸ் என்ற அடிப்படை ஆராய்ச்சி மானியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு விரிவுரையாளருக்கு அது கிடைத்தால், பணம் பல தலைப்புகளாகப் பிரிந்து வரும். வோட் 11000 என்பது சம்பளமும் படியும். ஆராய்ச்சி உதவி மாணவருக்கு, அதாவது ஜிஆர்ஏவுக்கு, கொடுக்கும் தொகை அதில் இருக்கிறது. வேலை செய்ய ஆள் கிடைக்காவிட்டால் அவருடைய ஆராய்ச்சியும் நகராது. ஆகவே நீங்கள் கை நீட்டிக் கேட்கப் போவதாக நினைத்துத் தயங்க வேண்டாம். அவருக்கும் ஆள் வேண்டும்.

யாரைத் தேடுவது? உங்கள் கையில் ஏற்கெனவே ஒரு துருப்புச் சீட்டு இருக்கிறது, நீங்கள்தான் அதைக் கடிதத்தில் போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள். கையுறைக்குள் 1,000 மில்லிலிட்டர் தண்ணீர் ஊற்றிக் கசிவு பார்த்தவர், இழுவைச் சோதனை செய்தவர், லேடெக்ஸ் கலவை கெட்டுப்போனால் எப்படி இருக்கும் என்று கண்ணால் கண்டவர் நீங்கள். பாலிமர், ரப்பர் ஆராய்ச்சி செய்பவருக்கு அப்படிப்பட்ட மாணவர் எளிதில் அமைவதில்லை. யுஎஸ்எம் என்ற மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் நிபோங் திபால் பொறியியல் வளாகத்தில் ரப்பர், லேடெக்ஸ் ஆராய்ச்சி நெடுங்காலமாக நடக்கிறது. அங்கிருந்து தொடங்குங்கள். ஸ்ரீ இஸ்கந்தாரில் உள்ள பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஜிஏ என்ற உதவியாளர் திட்டம் இருக்கிறது. கட்டணமும் மாதப் படியும் அதில் அடங்கும், பதிலுக்குக் கற்பித்தலில் கைகொடுக்க வேண்டும். கம்பாரில் உள்ள யுடிஏஆர் பல்கலைக்கழகத்தையும் விடாதீர்கள். மூன்றும் வீட்டிலிருந்து வார இறுதியில் போய்வரக்கூடிய தூரம்தான்.

பல்கலைக்கழக இணையத்தளத்தில் விரிவுரையாளரின் பக்கத்தைத் திறந்து, நடப்பு மானியங்களின் பட்டியலையும் அவை முடியும் தேதியையும் பாருங்கள். எட்டு மாதத்தில் முடியும் மானியத்தை நம்பி இரண்டு வருடப் படிப்பில் சேர்ந்தால் நடுவழியில் படி நின்றுவிடும். பிறகு அவருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். பத்துப் பேருக்கு ஒரே மடலை அனுப்பினால் முதல் வரியிலேயே தெரிந்துவிடும், யாரும் பதில் போட மாட்டார்கள். அவருடைய ஒரு கட்டுரையைப் படித்து, அதில் உங்கள் தொழிற்சாலை அனுபவம் எங்கே பொருந்துகிறது என்று இரண்டு வாக்கியம் எழுதுங்கள். நீங்கள் செய்த சோதனைகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். மதிப்பெண் பட்டியலை இணையுங்கள். கடைசியில் நேராகக் கேட்டுவிடுங்கள்: ஜிஆர்ஏ இடம் இருக்கிறதா, மானியத்தில் இன்னும் எத்தனை மாதம் மிச்சம், கட்டணம் தள்ளுபடியா அல்லது படியிலிருந்து நானே கட்ட வேண்டுமா? குடும்பக் கஷ்டத்தை முதல் மடலில் எழுத வேண்டாம். அது அறவாரிய மனுவுக்கு உதவும், இங்கே உதவாது.

ஒரு எச்சரிக்கை. நியமனக் கடிதம், வங்கிக் கணக்கு என்று ஒவ்வொன்றாக முடிந்து முதல் படி கைக்கு வர மாதங்கள் ஆகலாம். மூன்று மாத வாடகையும் சாப்பாடும் கையில் இல்லாமல் வேலையை விடாதீர்கள். ஜிஆர்ஏ பொதுவாக முழுநேர மாணவருக்குத்தான், தொழிற்சாலை வேலையோடு சேர்த்து ஓட்ட முடியாது.

பாடமுறைதான் வேண்டும் என்றால் கணக்கு வேறு. இபிஎஃப் என்ற ஊழியர் சேமநிதியில் படிப்புக்காகப் பணம் எடுக்க அனுமதி உண்டு, ஆனால் அது அக்காவுன் செஜாத்ரா என்ற உட்கணக்கிலிருந்து மட்டும். 2024 மே மாதத்திலிருந்து மாதச் சந்தாவில் 15 விழுக்காடுதான் அங்கே போகிறது. உங்கள் சம்பளத்தில் இரு தரப்புச் சந்தாவும் சேர்ந்து மாதம் 550 வெள்ளி வரும். அதில் 15 விழுக்காடு என்றால் 83 வெள்ளி. இரண்டு வருடத்தில் 2,000 வெள்ளிகூடத் தேறாது. பிள்ளையின் படிப்புக்குப் பெற்றோரும் தங்கள் கணக்கிலிருந்து எடுக்கலாம் என்று விதி இருக்கிறது. யாராவது சொல்லி அம்மாவின் பணத்தில் கை வைத்துவிடாதீர்கள். வெயிலில் குனிந்து சேர்த்த பணம், அவருடைய முதுமைக்கு வேறு ஆதாரம் இல்லை. மாஸ்டர்ஸ் கட்டணத்துக்கு 7,000 வெள்ளி வரை வருமான வரிக் கழிவு உண்டு என்பார்கள். உண்மைதான், ஆனால் உங்கள் சம்பளத்துக்கு வரியே வராது, கழிக்க என்ன இருக்கிறது?

வீட்டில் ஒன்று தேடிப் பாருங்கள். துன் சம்பந்தன் உங்கள் ஊர்க்காரர். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-இல், தொழிலாளர்களின் சிறு சேமிப்பைத் திரட்டி அவர் தொடங்கியது தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். தாத்தா பாட்டி அதில் பங்கு வாங்கி, அந்தப் புத்தகம் இன்னும் இரும்புப் பெட்டிக்குள் கிடக்கலாம். உறுப்பினர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி தரும் வழக்கம் சங்கத்துக்கு உண்டு. பங்கு இப்போது யார் பெயரில் இருக்கிறது, மாஸ்டர்ஸுக்குத் தருவார்களா என்று கோலாலம்பூர் அலுவலகத்தில் கேளுங்கள். மஇகாவின் கல்வி அறவாரியமான எம்ஐஇடியிடமும் விசாரிக்கலாம், அது கடனா உதவித்தொகையா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். உயர்கல்வி அமைச்சின் மைபிரைன் என்ற பட்டமேற்படிப்பு உதவித் திட்டம் இடையில் நின்று, மைபிரைன் 2.0 என்று திரும்பியிருக்கிறது. மனு திறக்கும் தேதியை அமைச்சின் தளத்தில் பார்த்துக்கொண்டிருங்கள். இரண்டு வருட வேலை அனுபவம் இருப்பதால் பிரிட்டனின் செவனிங் உபகாரச் சம்பளத்துக்கும் முயலலாம். ஓராண்டு மாஸ்டர்ஸுக்கு முழுச் செலவும் தருவார்கள், முடித்ததும் இரண்டு வருடம் நாட்டில் இருக்க வேண்டும்.

மனுக்களுக்குச் சான்றொப்பமிட்ட நகல்கள் நிறைய தேவைப்படும். அம்மாவின் சம்பளச் சீட்டுகளைத் தோட்ட ஆபீஸில் இப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். சான்றொப்பத்துக்குத் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியரைப் பள்ளி விடுமுறைக்கு முன்னால் பிடியுங்கள்.

பிடிபிடிஎன் கடனுக்குப் பயப்பட வேண்டாம். மேற்படிப்பில் சேர்பவர் தவணையை ஒத்திவைக்க மனு செய்யலாம், ஆனால் அது தானாக நடக்காது. சேர்க்கைக் கடிதத்துடன் நீங்கள்தான் கேட்க வேண்டும். அதுவரை தவணை தவறாமல் கட்டிவாருங்கள்.

கையில் இருக்கும் இடத்தை இப்போது வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். பட்டமேற்படிப்பு அலுவலகத்துக்கு எழுதி, சேர்க்கையை ஒரு பருவம் தள்ளிவைக்க முடியுமா, ஆராய்ச்சிமுறைக்கு மாற்ற முடியுமா என்று ஒரே மடலில் கேளுங்கள். பதில் வருவதற்குள் நிபோங் திபாலுக்கு எழுத வேண்டிய மடலும் தயாராகிவிடும்.